சுத்தத் தண்ணி

இறால் குஞ்சு பொரிக்கும் அந்தக் கொட்டகையில் அவளை எல்லோரும் குளோரின் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்னால் அவள் வாசனை வந்து வேலையை ஆரம்பித்துவிடும் என்பது பம்பு ஓட்டுகிறவரின் கேலி. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுருக்குவார்கள், பிறகு நீச்சல் குளம் நினைவுக்கு வந்தவர்கள் போல முகத்தைத் தளர்த்திக்கொள்வார்கள். கறுப்புத் துணி எதையும் அவள் வாங்குவதில்லை. வாங்கினால் ஒரே மாதத்தில் அங்கங்கே செம்பட்டை விழுந்துவிடும்.

அவள் வேலை கொல்வது. அவளே அப்படித்தான் சொல்வாள். "நீங்கெல்லாம் வளர்க்கிறீங்க, நான் கொல்றேன். ரெண்டும் இருந்தாத்தான் கொட்டகை ஓடும்."

குஞ்சுத் தொட்டிகளில் பட்ட குழாய், வலை, காற்றுக் குமிழி விடும் கல், ஜாடி, வாளி எல்லாம் பின்பக்கம் உள்ள கழுவும் முற்றத்துக்கு வரும். சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, கடைசியில் மூலையிலிருக்கும் நீலத் தொட்டியில் முக்கி எடுப்பாள். அதில் இருப்பது குளோரின் தூக்கலாகக் கலந்த கடல் தண்ணீர். உயிருள்ள எதுவும் அதில் உயிரோடு இருக்காது. அந்தத் தொட்டியின் நெற்றியில் சிவப்புப் பெயிண்டில் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தாள்: சுத்தத் தண்ணி. உள்ளே கூடத்தில் இன்னொரு தொட்டி இருந்தது. அதிலும் முதலில் குளோரின் போடுவார்கள். பிறகு வேறொரு பொடியைப் போட்டு அதன் வேகத்தை முறித்து, காற்று விட்டு ஆற வைப்பார்கள். குஞ்சுகளுக்கு அந்தத் தண்ணீர்தான். அதற்குப் பெயர் குஞ்சுத் தண்ணி. இந்த இரண்டு பெயர்களும் கொட்டகையில் புழங்கிப் புழங்கி, எழுத்தைப் படிக்கத் தேவையே இல்லாமல் போய்விட்டன.

அக்காவின் சுத்தத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தொகுதிக் குஞ்சுகள் முழுவதும் செத்தன. ஒரு ரப்பர் குழாயின் உட்புறம் வழுவழுப்புப் படிந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கழுவும் முற்றத்தில் அப்போது இருந்தவளை அன்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். போன அவசரத்தில் அவள் சாப்பாட்டு டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிட்டாள். அதைக் கேட்டு யாரும் வரவில்லை, எடுத்துப் போடவும் யாருக்கும் கை வரவில்லை. அவள் இடத்துக்குத்தான் அக்காவை மாற்றினார்கள். அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே இத்தனை வருடம் கழுவியிருக்கிறாள்.

பழக்கம் வீடு வரைக்கும் போயிற்று. பால் பாத்திரம், டம்ளர், கரண்டி எதுவானாலும் கடைசியில் ஒரு முறை பிளீச்சிங் தண்ணீர் காட்டாமல் கவிழ்க்க மாட்டாள். தயிர் கெட்டியாக இருக்கும் என்பதையே கல்யாணம் ஆகிப் போன வீட்டில்தான் கண்டுகொண்டேன் என்பாள் மகள்.

இப்படிப்பட்டவளிடம் போய்த்தான் டாக்டரம்மா நல்ல கிருமி என்ற வார்த்தையைச் சொன்னாள்.

டாக்டரம்மா டாக்டர் இல்லை. இறால் நோய்களைப் பற்றிப் படித்துவிட்டு வேலைக்கு வந்த பெண். வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் வந்த காரணம், தொட்டிகள் மினுங்கியது. குஞ்சுகளுக்கு ஒரு நோய் வரும்; வந்தால் இருட்டில் ஒளிவிடும். தொட்டியை மூடியிருக்கும் கறுப்புப் பாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தால், யாரோ நட்சத்திரத்தை இடித்துத் தூவியது மாதிரி நீலமாய்ப் புள்ளி புள்ளியாய்த் தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதுதான் கொடுமை. மறுநாள் அத்தனையும் அடியில் படிந்து கிடக்கும். கொட்டகையில் "மினுங்குது" என்று யாரும் வாயால் சொல்வதில்லை. "லைட்டு போட்டிருக்கு" என்பார்கள்.

முன்பெல்லாம் லைட்டு போட்டால் மருந்தைக் கொட்டுவார்கள். நாளாவட்டத்தில் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. வளர்ந்த இறாலில் மருந்தின் எச்சம் இருக்கிறது என்று வெளியூர் வியாபாரிகள் சரக்கையே திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். இனி மருந்து வேண்டாம், கிருமியைக் கிருமியை வைத்தே அடக்கலாம் என்றாள் டாக்டரம்மா.

"தொட்டியில இடம் கொஞ்சம்தான் அக்கா. பஸ்ல துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறோமில்ல? அந்த மாதிரி நல்ல கிருமி முன்னாடியே போய் உட்கார்ந்துட்டா, கெட்டது ஏறினாலும் நின்னுக்கிட்டுத்தான் வரணும். பாதி வழியில இறங்கிடும்."

"கிருமியில என்னம்மா நல்லது கெட்டது? எல்லாம் ஒரே கூட்டந்தான்" என்றாள் அக்கா.

"நீங்க சாப்பிடற தயிர்ல இருக்கே."

"எங்க வீட்டுத் தயிர்ல இருக்காது" என்றாள் அக்கா பெருமையாக.

நல்ல கிருமியை வளர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பொடியாக வரும் கிருமியை வெல்லப்பாகிலும் தவிட்டிலும் கலந்து, ட்ரம்மில் காற்று விட்டு, சூடு குளிர்ச்சி பார்த்துப் புளிக்க வைக்க வேண்டும். அக்காவுக்கு உடனே சம்பந்தியின் ஞாபகம் வந்தது. மகளின் மாமனார். ஆயுள் முழுக்க ரொட்டி சுட்டவர். அவர் கடைக்கு எதிரிலேயே பெரிய அங்காடி ஒன்று திறந்து, பாதி விலைக்கு ரொட்டி விற்க ஆரம்பித்த பிறகு, அடுப்பை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். "மாமா ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருக்காரும்மா, பார்க்க ஒரு மாதிரியா இருக்கு" என்று மகள் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னது அக்காவின் மனதில் கிடந்தது.

"மாவைப் புளிக்க வைக்கத் தெரிஞ்சவருக்குக் கிருமி வளர்க்கத் தெரியாதா சார்?" என்று முதலாளியிடம் கேட்டாள். "பொறுப்பான மனுஷன். நான் சொல்றேன்."

நான் சொல்றேன் என்றாளே, அதுதான் பின்னால் அவள் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கிய வார்த்தை.

சம்பந்தி வந்தார். பேக்கரியில் கட்டியிருந்த அதே வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். தினமும் ட்ரம்மின் மூடியைத் தூக்கி, கண்ணை மூடி மோந்து பார்த்து, "ம், எழுந்துடுச்சு" என்பார். ரொட்டி மாவுக்குச் சொல்கிற அதே சொல். முகத்தில் களை திரும்பியது. ஆனால் பெண்ணைக் கொடுத்தவளும் பிள்ளையைப் பெற்றவரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்ப்பதில் உள்ள சங்கடம் தீரவே இல்லை. அவர் உட்காராமல் இவளும் இவள் உட்காராமல் அவரும் உட்கார மாட்டார்கள். இவள் டீ எடுக்காமல் அவர் எடுக்க மாட்டார். டீ ஆறிக்கொண்டே இருக்கும்.

"இங்க வேலை நடக்குதா, இல்ல கல்யாணப் பேச்சு நடக்குதா?" என்பார் பம்புக்காரர். "யாராவது ஒருத்தர் குடிச்சுத் தொலைங்க, டம்ளர் வேணும் எனக்கு."

வேலையின் முறையை டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தாள். "ட்ரம்ல இருந்து ஒரு ஜாடி எடுங்க சார். ஒரு வாளி சுத்தமான தண்ணியில கலந்து, கொஞ்ச நேரம் காத்துக் குழாய் போட்டு வைங்க. அது கண்ணு முழிச்சதும் தொட்டியைச் சுத்தி ஊத்துங்க."

சம்பந்திக்கு முட்டி வலி. அவர் வாளி தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அக்காவுக்கு மரியாதையாகப் படவில்லை. "நீங்க இருங்க சம்பந்தி, தண்ணி நான் பிடிச்சு வைக்கிறேன்" என்று, தினமும் தன் முற்றத்திலிருந்தே வாளிகளை நிரப்பி, மூடி போட்டு, ட்ரம் அறை வாசலில் வரிசையாக வைத்தாள். சுத்தமான தண்ணி என்று டாக்டரம்மா சொன்னாள். சுத்தத் தண்ணி எங்கே இருக்கிறது என்று கொட்டகையில் அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

முதல் நாள் சம்பந்தி மூடியைத் திறந்ததும் கொஞ்சம் தயங்கினார்.

"சம்பந்தியம்மா, தண்ணி வாசம் அடிக்குதே?"

"சுத்தமா இருந்தா அப்படித்தான் சம்பந்தி அடிக்கும்."

"அக்காவைவிடக் கம்மியாத்தான் அடிக்குது, ஊத்துங்க" என்றார் பம்புக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். ஜாடியைச் சாய்த்து ஊற்றினார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்தத் தொகுதி லைட்டு போட்டது. புது முறை, பழக நாளாகும் என்றார்கள். அடுத்த தொகுதியும் போட்டது.

டாக்டரம்மா ட்ரம்மிலிருந்து ஒரு சொட்டும் தொட்டிகளிலிருந்து ஒவ்வொரு சொட்டும் எடுத்து, மூடி போட்ட சின்னத் தட்டுகளில் வைத்துப் பார்த்தாள். ட்ரம் தட்டில் கிருமிகள் கொப்புளம் கொப்புளமாய்க் கிளம்பியிருந்தன. தொட்டித் தட்டுகளில் நல்ல கிருமி ஒன்றுகூட இல்லை.

"ட்ரம்ல நல்லா உயிரோட இருக்கு" என்றாள் குழப்பத்தோடு. "தொட்டிக்கு வந்து சேரவே இல்ல. எந்தத் தண்ணியில கலந்தீங்க சார்?"

"சுத்தத் தண்ணியிலதாம்மா."

டாக்டரம்மா தலையாட்டினாள். அவள் சொன்னதும் அதைத்தானே.

முதலாளி அங்கேதான் நின்றிருந்தார். கெட்டவர் இல்லை, நஷ்டத்தில் இருந்தவர். "ட்ரம்ல இருக்கு, தொட்டியில இல்ல. நடுவுல யாரு இருக்கா? இவருதானே?" என்றார். கூடத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "ஊத்தினேன் ஊத்தினேன்னு சொல்லிட்டு சாக்கடையில சாய்ச்சிருக்காரு. முட்டி வலின்னா நேரா சொல்லணும். இப்படி ஏமாத்தக் கூடாது பெரியவரே."

"ஊத்தினேங்க" என்றார் சம்பந்தி.

"அப்ப எங்க போச்சு?"

"ஊத்தினேங்க" என்று மறுபடியும் அதையே சொன்னார்.

ஏப்ரனை அவிழ்த்து ட்ரம் அறை ஆணியில் மாட்டினார். வாசலில் இருந்த கால் கழுவும் பள்ளத்தில் செருப்பை முக்கிவிட்டுப் போனார். அது உள்ளே வருகிறவர்களுக்கான விதி, வெளியே போகிறவர்களுக்குக் கிடையாது. முறை தவறாத மனிதர், பழக்கத்தில் முக்கிவிட்டார்.

அக்கா கையில் தேய்ப்பானோடு நின்றிருந்தாள். அப்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தில் தன் மனதில் ஓடியதை அவள் பின்னால் எத்தனை அலசியும் போக்க முடியவில்லை. ஒருவேளை ஊத்தலையோ? அப்படித்தான் ஓடியது. நான் சொல்றேன் என்று சொன்னேனே, என் மானம் போச்சே என்றும் ஓடியது. அவர் அவளைக் கடந்துதான் போனார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த சில நாட்கள் மகள் வீட்டுப் பக்கம் போகாமல் ஏதேதோ சாக்குச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளே விடாமல் கூப்பிட்டுவிட்டாள். மருமகன் லாரியோடு வெளியூரில் இருந்தார். சம்பந்தி முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "வாங்க சம்பந்தியம்மா" என்றார், எழுந்தும் நின்றார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுப்படியில் மகள் பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தாள். சும்மா நிற்க முடியாமல் அக்கா ஒரு கிண்ணத்தைக் கழுவி நீட்டினாள்.

"ஐயோ, நீ கழுவினதா? வேண்டாம்மா தாயே" என்று மகள் கையைத் தட்டிவிட்டாள். "உன் கை பட்டா உறையாது. நம்ம வீட்ல எத்தனை தடவை உறை மோர் வாங்கிட்டு வந்து ஊத்தினோம், ஒரு நாளாவது உறைஞ்சிருக்கா? எல்லாத்தையும் கொன்னுட்டு, காலையில மூடியைத் திறந்து, பால்காரன் ஏமாத்திட்டான்னு திட்டுவியே, ஞாபகம் இருக்கா?"

சொல்லிவிட்டு மகள் சிரித்தாள். அக்காவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது. கிண்ணம் கையில் இருந்தது. கிண்ணம் வாளியாகத் தெரிந்தது. சிவப்பு எழுத்து தெரிந்தது. அவளே எழுதியது.

"என்னம்மா ஆச்சு? உட்காரு."

"ஒண்ணுமில்ல. வெயில்ல வந்தது."

முன்னறையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். சம்பந்தி மறுபடியும் எழுந்து நின்றார். "போயிட்டு வாங்க" என்றார். சம்பந்தி, தப்பு என் மேல என்று சொல்ல அது போதுமான இடம், போதுமான நேரம். அவள் செருப்பைத் தேடினாள். செருப்பு காலடியிலேயே கிடந்தது.

முதலில் நிச்சயமாகத் தெரியட்டும் என்று வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டாள். தெரியாமல் சொல்லி, அப்புறம் அது இல்லை என்று ஆகிவிட்டால்? மகளின் வாழ்க்கை அந்த வீட்டில் இருக்கிறது. நாளைக்கு ஒரு வாய்த்தகராறில், உங்க அம்மாவாலதானே எங்க அப்பா ஏமாத்துக்காரர் பட்டம் வாங்கினாரு என்று மருமகன் கேட்டால் அந்தப் பெண் என்ன பதில் சொல்லும்? எல்லாம் நியாயமான யோசனைகள்தான். அவற்றுக்கு அடியில் அலமாரி மேலிருந்த சாப்பாட்டு டப்பாவும் இருந்தது.

ட்ரம்மைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும்படி முதலாளி அவளிடமே சொல்லியிருந்தார். மறுநாள் காலை வாளிகளை எடுத்துக்கொண்டு அவள் முற்றத்துக்குப் போகவில்லை, கூடத்துக்குள் போனாள். குஞ்சுத் தண்ணியில் நிரப்பினாள். யாரும் கவனிக்கவில்லை. கலந்தாள், காற்று விட்டாள், தொட்டிகளைச் சுற்றி ஊற்றினாள். தினமும் அப்படியே செய்தாள். கறுப்புப் பாய்க்குள் தலையை விட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், இருட்டாக இருக்கக் கூடாது, ஒரு புள்ளியாவது மினுங்கட்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது. மினுங்கினால் தப்பு அவளுடையது இல்லை.

தொட்டிகள் நல்ல கும்மிருட்டாக இருந்தன. குஞ்சுகள் துள்ளின.

"அக்கா கை ராசி" என்றார் முதலாளி.

"கையில ராசி இல்ல சார், குளோரின்தான் இருக்கு" என்றார் பம்புக்காரர். கூடம் அதிரச் சிரித்தது.

சொல்லப் போனாள், போகாமல் இல்லை. ஒரு நாள் முதலாளியின் அறை வாசல் வரைக்கும் போனாள். அவர் தொலைபேசியில் யாரிடமோ, "ஆமாங்க, மருந்தே இல்லாம, முழுக்க நல்ல கிருமிதான்" என்று பூரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். இன்னொரு நாள் டாக்டரம்மாவிடம், "அம்மா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாள். "சொல்லுங்க அக்கா" என்று அந்தப் பெண் முகத்தை நிமிர்த்தியதும், "சோப்பு தீர்ந்துபோச்சு" என்று முடித்தாள். அலமாரியில் சோப்பு அடுக்கடுக்காக இருந்தது.

ட்ரம் அறை ஆணியில் ஏப்ரன் தொங்கிக்கொண்டே இருந்தது. துவைக்க எடுத்தாள். துவைத்தால் எந்தத் தண்ணீரில் அலசுவது என்று கை நின்றது. திரும்ப மாட்டிவிட்டாள்.

ஒரு மழை நாளில் மகள் கூப்பிட்டாள். "மாமா உன்கிட்ட சொல்லச் சொன்னாரும்மா. குளிர் அடிச்சா ட்ரம் மெதுவாத்தான் எழுமாம். அவசரப்பட்டுப் பாகைக் கூட்டிடாதீங்க, ஒரு சாக்கை நனையாமப் போர்த்தி வைங்கன்னாரு." "கேக்குதாம்மா?" என்றாள்.

"கேக்குது."

"அவரா பேசினதே அதிசயம். அதான் உடனே சொல்லணும்னு கூப்பிட்டேன்."

அக்கா சாக்கைப் போர்த்தினாள். அவர் சொன்னபடியே ட்ரம் மெதுவாக எழுந்தது.

சரக்கு வாங்கும் வியாபாரிகள் கொட்டகையைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. முதலாளி எல்லோரையும் கூடத்தில் கூட்டினார். யார் எங்கே நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று விளக்கிவிட்டு, அக்காவின் பக்கம் கையைக் காட்டினார்.

"ட்ரம் அறை இனிமே நிரந்தரமா அக்கா பொறுப்பு. கழுவுறதுக்கு வேற ஆள் போட்டுக்கலாம். வர்றவங்ககிட்ட நான் சொல்லப்போறேன், மெஷின் முக்கியமில்லீங்க, மனுஷங்கதான் முக்கியம்னு. அந்தப் பெரியவர் ஏமாத்திட்டுப் போனாரு. அதே ட்ரம், அதே கிருமி. நேர்மையான ஒரு கை பட்டதும்..."

"சார்" என்றாள் அக்கா.

குரல் உயர்ந்துதான் வந்திருக்க வேண்டும். காற்றுக் குழாய்களின் இரைச்சலையும் மீறி எல்லோருக்கும் கேட்டது.

"அவர் ஊத்தினாரு சார்."

"என்னது?"

"அவர் ஒழுங்கா ஊத்தினாரு. நான்தான் கொன்னேன்."

முதலாளிக்குப் புரியவில்லை. பம்புக்காரர் கேலிக்கு வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அக்காவுக்கு விளக்கிச் சொல்ல வரவில்லை. முற்றத்துக்குப் போனாள், ஒரு வாளி நிரப்பிக்கொண்டு வந்து டாக்டரம்மாவின் முன்னால் வைத்தாள்.

"நீங்க சுத்தமான தண்ணின்னு சொன்னீங்கம்மா. நான் இதைத்தான் பிடிச்சு வெச்சேன். தினமும்."

டாக்டரம்மா கோட்டுப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தாள். குளோரின் இருந்தால் நிறம் காட்டும் திரவம். ஒரு சொட்டு விட்டதும் வாளிக்குள் மஞ்சள் புகை போல விரிந்தது. இன்னும் ஒரு சொட்டு விட்டாள், தேவையே இல்லை. "வாளியிலயே நல்ல கிருமி செத்துடுச்சு. பெரிய தொட்டியில கரைஞ்சுபோனதால குஞ்சுக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"சுத்தத் தண்ணின்னு அவரும் சொன்னாரே" என்றாள் மெல்ல. "நானும் தலையாட்டினேனே. அந்தத் தொட்டி மேல எழுதியிருக்கறதை தினமும் பார்க்கறேன் அக்கா."

"இது எப்ப தெரியும் உனக்கு?" என்றார் முதலாளி.

அந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

"தொட்டி நல்லாகறதுக்கு முன்னாடியே தெரியும் சார்."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி விடு, நடந்தது நடந்துபோச்சு. இப்ப தொட்டி நல்லா இருக்குல்ல? அவரை வரச் சொல்லு, வந்து வேலையைப் பார்க்கட்டும்" என்று கையை உதறினார்.

"நான் சொன்னா பத்தாது சார்."

"வேற என்ன?"

"நீங்க இந்த எடத்துலதான் நின்னு சொன்னீங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்தோம்."

முதலாளி அவளை முறைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். எல்லோரும் இருக்கும்போதே பேசினார். நல்ல வார்த்தை தேடித் திணறி, "தண்ணியில தப்பு நடந்திருக்கு பெரியவரே, உங்க மேல இல்ல, நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. சின்ன பதிலாகத்தான் இருந்திருக்கும்.

அன்று வேலை விட்டதும் அக்கா நேராக மகள் வீட்டுக்குப் போனாள். சம்பந்தி வழக்கம் போல எழுந்து நின்றார். அவள் உட்காரவில்லை. மகள் அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்றாள்.

"போன் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. தண்ணியில தப்புன்னாரு. யார் தண்ணின்னு சொல்லல."

"என் தண்ணி சம்பந்தி. நான் பிடிச்சு வெச்சது." அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. "வாசம் அடிக்குதேன்னு கேட்டீங்க. நான்தான்..."

"கேட்டேன்" என்றார். ஜன்னலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த ஞாபகம்தான் வந்துச்சு. ஈஸ்ட்டைக் கொதிக்கிற தண்ணியில போட்டா மாவு எழாது. அது மாதிரி ஏதோ ஒண்ணுன்னு தோணுச்சு."

"அப்ப ஏன் சொல்லல? முதலாளிகிட்டயே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது சம்பந்தியம்மா? உங்களைக் கைகாட்டிட்டு வந்து, இந்தப் பொண்ணு கையால எப்படி ஒரு வாய் காபி வாங்கிக் குடிக்கிறது?"

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இப்போதுதான் விஷயமே புரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் மேல் நின்ற பார்வையில் கோபம் இருந்ததா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"எனக்கு அந்த ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சுபோச்சு" என்றாள். அதையும் சொல்லிவிட வேண்டியிருந்தது. "இதே வாசலைத் தாண்டித்தான் போனேன்."

சம்பந்தி தலையாட்டினார்.

"தெரியும். செருப்பைத் தேடினீங்க" என்றார். "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். வருவீங்க, நிச்சயம் வருவீங்கன்னு. அப்புறம் ட்ரம் நல்லா ஓடுதுன்னு இவ சொன்னா. சரிதான், தண்ணியை மாத்திட்டாங்கன்னு தெரிஞ்சுது. அப்பவும் வரல. அதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு."

மன்னிச்சுடுங்க என்று அவள் சொன்னாள். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. "உட்காருங்க, காபி போடச் சொல்றேன்" என்றார். முதல் தடவையாக, அவள் உட்காருவதற்கு முன்னால் தான் உட்கார்ந்தார்.

சம்பந்தி வேலைக்குத் திரும்பி வந்தார். வாசல் பள்ளத்தில் செருப்பை முக்கி, ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டார். அக்கா கழுவும் முற்றத்துக்கே திரும்பினாள், அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. நீலத் தொட்டியின் மேல் டாக்டரம்மா புதிதாக எழுதச் சொன்னாள். அக்கா பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு, கொல்லும் தண்ணி என்று எழுதினாள். ஆனால் பேச்சில் யாருக்கும் அது வரவில்லை. எல்லோரும் இன்னும் சுத்தத் தண்ணி என்றுதான் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள்.

சம்பந்திக்கு முட்டி வலி குறையவில்லை. வாளிகளை அவள்தான் இன்னும் நிரப்பி வைக்கிறாள், கூடத்துத் தொட்டியிலிருந்து. டீ வந்தால் அவர் முதலில் எடுத்துக் குடித்துவிடுகிறார், இப்போது ஆறுவதில்லை. நல்ல பேச்சு, நல்ல மரியாதை, ஒன்றும் மாறவில்லை என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். ஆனால் ஜாடியைச் சாய்ப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வாளியின் மூடியையும் அவர் தூக்குகிறார். குனிந்து, கண்ணை மூடி, மோந்து பார்க்கிறார்.

அவள் தேய்ப்பானைக் கீழே வைத்துவிட்டு, அவர் நிமிரும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பம்புக்காரர்கூட அப்போது கேலி பேசுவதில்லை. ஒரு நாள் அவசரத்தில் சம்பந்தி ஒரு வாளியை மோந்து பார்க்காமல் ஜாடியைத் தூக்கினார். அவள் ஓடிப் போய் அவர் கையைத் தடுத்தாள்.

"பாருங்க சம்பந்தி" என்றாள். "மோந்து பார்த்துட்டு ஊத்துங்க."